சரக்குக் கப்பல்களின் எரிபொருள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரைன் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகள், கடலுக்குப் போனவர்களின் வீட்டார், துறைமுகத்தை ஒட்டிய குப்பங்களில் இருப்பவர்கள் என்று மூன்று தரப்பிலிருந்தும் கப்பல் எண்ணெய் பற்றிக் கேள்விகள் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எரிபொருளுக்கும் டன் விலையோடு கணக்கு முடிவதில்லை. அதைக் கையாளும் எஞ்சின் அறைக்காரர்களும் அது சிந்தும் கரையில் வாழ்பவர்களும் என்ன கொடுக்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பெரிய கப்பல்கள் டீசலில்தானே ஓடுகின்றன?

எஞ்சின் டீசல் எஞ்சின்தான். எரிபொருள் பெரும்பாலும் டீசல் அல்ல. சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சும்போது பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் ஆவியாகித் தனித்தனியே பிரிந்துவிடும். அடியில் கறுப்பாக, கெட்டியாக ஓர் எச்சம் மிஞ்சும். இலேசான எண்ணெயைக் கலந்து அதைக் கொஞ்சம் இளக்கி விற்பதுதான் ஹெவி ஃபியூயல் ஆயில். நம் ஊரில் ஃபர்னஸ் ஆயில் என்று சொல்வதும் இதே குடும்பம்தான். ஆறிய நிலையில் தார் மாதிரி இறுகி நிற்கும்.

இதைத் தவிர, கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் போகாத குறை கந்தக எண்ணெய் இருக்கிறது. இன்று அதிகம் விற்பது அதுதான். தெளிவாக, டீசல் மாதிரியே இருக்கும் மரைன் கேஸ் ஆயில் விலை கூடியது. பொதுவாகத் துறைமுகத்துக்குள்ளும் கட்டுப்பாடு கடுமையான கடற்பகுதிகளிலும் மட்டும் அதை எரிப்பார்கள்.

நிலக்கரியை எப்போது விட்டார்கள்?

1912-இல் கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கிளம்பிய டென்மார்க்கின் 'செலாண்டியா', நெடுங்கடலில் டீசல் எஞ்சினை நம்பி ஓடிய முதல் பெரிய கப்பல்களில் ஒன்று. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வ.உ.சி. தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த 'காலியா'வும் 'லாவோ'வும் நீராவிக் கப்பல்கள். டீசல் எஞ்சினில் எச்ச எண்ணெயை எரிக்கும் வழக்கம் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். முன்பு அனல் முன்னால் நின்று கரி அள்ளிப் போட்டவர்களின் வேலை ஒழிந்தது. அந்த இடத்தில் எண்ணெயைச் சுத்தம் செய்யும் வேலை வந்தது.

இவ்வளவு மோசமான எண்ணெயை ஏன் வாங்குகிறார்கள்?

விலைதான் காரணம். ஒரு கப்பலை ஓட்டும் செலவில் எரிபொருளின் பங்கு மிகப் பெரிது. டன்னுக்குச் சில டாலர் குறைந்தாலே ஒரு பயணத்தில் பெருந்தொகை மிஞ்சும்.

இன்னொரு காரணம் எஞ்சின். பெரிய கப்பலின் டூ-ஸ்ட்ரோக் மெயின் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சுற்றுதான் சுற்றும். மிகப் பெரியவற்றில் சிலிண்டரின் குறுக்களவு ஒரு மீட்டரை நெருங்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் நிறைய இருப்பதால், மெதுவாக எரியும் எண்ணெயும் முழுதாக எரிந்துவிடும். எரிபொருளின் ஆற்றலில் பாதியளவை இந்த எஞ்சின்கள் வேலையாக மாற்றுகின்றன. கார் எஞ்சினால் இந்த அளவு முடியாது.

'380' என்று சொல்கிறார்களே, அது என்ன?

பாகுத்தன்மையின் அளவு. 50 டிகிரி செல்சியஸில் 380 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்று பொருள். கப்பல் எரிபொருளுக்கான உலகத் தரம் ஐஎஸ்ஓ 8217. அடர்த்தி, தண்ணீர், கந்தகம், சாம்பல், தீப்பற்றும் வெப்பநிலை என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு அதில் இருக்கிறது. இதில் தீப்பற்றும் வெப்பநிலைக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. எஞ்சின் அறையில் எரிக்கும் எண்ணெய்க்கு அது 60 டிகிரிக்குக் குறையக் கூடாது. உயிர்காப்புப் படகு, அவசர ஜெனரேட்டர் போன்றவற்றுக்கு மட்டும் 43 டிகிரி வரை இடம் உண்டு.

தார் மாதிரி எண்ணெய் எஞ்சினுக்குள் எப்படிப் போகிறது?

கப்பலில் நான்காம் இன்ஜினியராகச் சேர்பவரின் பெரும்பாலான நேரத்தை விழுங்கும் வேலை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பங்கர் டேங்கில், அதாவது கப்பல் தன் எரிபொருளைச் சேர்த்துவைக்கும் தொட்டியில், நீராவிச் சுருள் குழாய்கள் ஓடும். பம்ப் இழுக்கும் அளவுக்கு எண்ணெய் இளக வேண்டுமானால் 40 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். அங்கிருந்து செட்லிங் டேங்க். சூட்டில் சும்மா நின்றாலே தண்ணீரும் கசடும் அடியில் படியும். வாட்ச்சுக்கு வாட்ச் (ஒவ்வொரு பணிமுறையிலும்) அடி வால்வைத் திறந்து அதை வடிப்பார்கள். அடுத்தது ப்யூரிஃபயர். எண்ணெயை 98 டிகிரிக்குச் சூடாக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் சுழற்றினால் கனமான தண்ணீரும் மண்ணும் வெளியே ஒதுங்கும், எண்ணெய் நடுவில் வரும். பிறகு சர்வீஸ் டேங்க், ஹீட்டர், ஃபில்டர். ஹீட்டரில் 130 முதல் 140 டிகிரி வரை சூடேறி, பாகுத்தன்மை 10 முதல் 15 சென்டிஸ்டோக்ஸுக்கு இறங்கிய பிறகுதான் ஃபியூயல் பம்ப் அதைத் தொடும்.

ப்யூரிஃபயரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள் என்று கேட்டால், 'கேட் ஃபைன்ஸ்' என்று பதில் வரும். சுத்திகரிப்பு ஆலையில் வினையூக்கியாகப் போட்ட அலுமினியம்–சிலிக்கான் துகள்கள் எச்சத்தோடு கலந்து வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் லைனரையும் (சிலிண்டரின் உட்சுவர்) பிஸ்டன் ரிங்கையும் அறுத்துவிடும் கடினம் அவற்றுக்கு உண்டு. வாங்கும் எண்ணெயில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது தரம். எஞ்சின் வாசலில் 15-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது எஞ்சின் தயாரிப்பாளர்கள் சொல்லும் அளவு. 60-ஐ 15 ஆக்குவது கப்பல்காரன் பொறுப்பு. மலிவாக வாங்கியதில் பாக்கி நின்ற வேலை நாற்பது டிகிரிக்கு மேல் கொதிக்கும் ப்யூரிஃபயர் அறையில், வியர்வையோடு நடக்கிறது.

ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஆகும்?

கப்பலையும் வேகத்தையும் பொறுத்தது. நடுத்தர பல்க் கேரியருக்கு (தானியம், தாது போன்றவற்றை மொத்தமாகக் கொட்டி ஏற்றும் கப்பல்) முப்பது டன் அளவில் ஆகும். 24 நாட் (மணிக்கு 24 கடல் மைல்) வேகத்தில் ஓடும் பெரிய கன்டெய்னர் கப்பல் 200 டன்னுக்கு மேல் எரிக்கும். வேகம் கூடும்போது தேவைப்படும் திறன் ஏறக்குறைய வேகத்தின் கனமாக (வேகம் × வேகம் × வேகம் என்ற கணக்கில்) ஏறும். வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் திறன் கால் பங்குக்கு மேல் குறையும். பயணம் நீள்வதையும் கழித்தால்கூட எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கப்பல்கள் மெதுவாக ஓடத் தொடங்கியது இதனால்தான். புகையைக் குறைக்க இன்றைக்கும் இதைவிட மலிவான வழி வேறு இல்லை.

ஒரு டன் எண்ணெய் எரித்தால் மூன்று டன் கரியமில வாயு வருமா? அது எப்படி?

வரும். எண்ணெயிலிருக்கும் ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. ஹெவி ஆயிலுக்கு டன்னுக்கு 3.114 டன் என்பது உலகக் கணக்கில் பயன்படுத்தும் எண். மனிதர்கள் வெளியிடும் பசுமை இல்ல வாயுக்களில் கப்பல்களின் பங்கு சுமார் 3 விழுக்காடு.

2020-இல் என்ன மாறியது?

2020 ஜனவரி 1 முதல் உலகக் கடல் முழுவதும் எரிபொருளில் கந்தகம் 0.50 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று ஐஎம்ஓ (ஐ.நா.வின் சர்வதேசக் கடல்சார் அமைப்பு) விதித்தது. அதற்கு முன் 3.50 வரை அனுமதி இருந்தது. பால்டிக், வட கடல், வட அமெரிக்கக் கரைகள் போன்ற கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015-லிருந்தே 0.10 தான். 2025 மே 1-இல் மத்தியதரைக் கடலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

கந்தகம் எரிந்தால் கந்தக டைஆக்சைடு. காற்றில் அது நுண்துகளாகி நுரையீரலுக்குள் போகிறது. கப்பல் புகை நடுக்கடலோடு நிற்பதில்லை. துறைமுக நகரங்களின் மூச்சில் கலக்கிறது. எண்ணெய்க்காரர்களும் கப்பல் முதலாளிகளும் செலவைச் சொல்லி எவ்வளவு முனகியிருந்தாலும், கடல் போக்குவரத்தில் என் காலத்தில் நடந்த மிக நல்ல காரியங்களில் இந்த விதியும் ஒன்று என்பேன்.

ஸ்க்ரப்பர் மாட்டிய கப்பல்கள் பழைய எண்ணெயையே எரிக்கின்றனவாமே?

ஆமாம், விதி அதற்கு இடம் தருகிறது. புகைபோக்கியில் கடல்நீரைப் பீய்ச்சிக் கந்தகத்தைக் கழுவி எடுக்கும் கருவிதான் ஸ்க்ரப்பர். 'ஓப்பன் லூப்' வகையில் அந்தக் கழிவுநீர் கடலுக்கே திரும்பிப் போகிறது. அதில் அமிலத்தோடு கன உலோகங்களும் எண்ணெயின் நச்சுச் சேர்மங்களும் இருக்கும். காற்றில் விடக் கூடாததைத் தண்ணீரில் விடலாம் என்ற ஏற்பாடு எனக்குச் சரியாகப் படவில்லை. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவும் தங்கள் துறைமுக நீரில் இதைத் தடை செய்துவிட்டன. டென்மார்க்கும் சுவீடனும் 2025 ஜூலையிலிருந்து தங்கள் கடற்பரப்பில் தடுத்திருக்கின்றன.

குறை கந்தக எண்ணெய் வந்ததும் எஞ்சின் பிரச்சினைகள் தீர்ந்தனவா?

இல்லை, வேறு பிரச்சினைகள் வந்தன. பல இடத்து எண்ணெய்களைக் கலந்து 0.50-க்குக் கொண்டுவருகிறார்கள். அதனால் ஒரு துறைமுகத்தில் வாங்கியதும் அடுத்ததில் வாங்கியதும் ஒரே டேங்கில் சேர்ந்தால் திரிந்து, கசடு கட்டி, ஃபில்டரை அடைத்துவிடலாம். சிலவற்றில் மெழுகு அதிகம், குளிர்க் கடலில் உறையும். சிலிண்டர் ஆயிலையும் மாற்ற வேண்டியிருந்தது. கந்தக அமிலத்தை முறிக்கக் காரம் கூடிய ஆயில் முன்பு தேவைப்பட்டது. கந்தகம் குறைந்த பிறகும் அதே ஆயிலை ஊற்றினால் எஞ்சிய காரம் பிஸ்டன் தலையில் சுண்ணாம்பாகப் படியும்.

கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழையும் முன் சூடான எண்ணெயிலிருந்து குளிர்ந்த கேஸ் ஆயிலுக்கு மாற்றும் நேரமும் ஆபத்தானது. நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் வெப்பம் மாறினால் ஃபியூயல் பம்ப் இறுகிப் பிடித்துக்கொள்ளும். நெரிசலான நீர்வழியில் அது நடந்தால் எஞ்சின் நிற்கும். அவசரப்படவே கூடாத வேலை.

பங்கரிங் (கப்பலுக்கு எண்ணெய் நிரப்புவது) எப்படி நடக்கிறது? ஏமாற்று நடக்கும் என்கிறார்களே?

எண்ணெய் கொண்டுவரும் சிறு கலமான பார்ஜ் கப்பலோரம் வந்து கட்டும். மேலே சிவப்புக் கொடி ஏறும், இரவில் சிவப்பு விளக்கு. டெக்கில் தண்ணீர் வடியும் துளைகளையெல்லாம் அடைப்பார்கள், சிந்தினாலும் கடலுக்குப் போகாமல் இருக்க. ஹோஸ் மாட்டுவதற்கு முன் இரு தரப்பும் பார்ஜின் டேங்குகளைச் சவுண்டிங் எடுத்து (எண்ணெயின் ஆழத்தை அளந்து), வெப்பத்தையும் அடர்த்தியையும் வைத்து எடையாக மாற்றுவார்கள். எண்ணெயை விற்பது எடையில், அளப்பது கொள்ளளவில். தகராறு முழுவதும் இந்த இடைவெளியில்தான். வெப்பத்தைக் குறைத்துச் சொல்லலாம். காற்றை ஊதி நுரைக்க வைத்தால் டேங்க் நிறைந்த மாதிரி தெரியும், நுரை அடங்கியதும் சில டன் காணாமல் போகும்.

சிங்கப்பூர் 2017-இலிருந்து பார்ஜ்களில் எடையை நேரடியாக அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டரைக் கட்டாயமாக்கியது. உலகின் மிகப் பெரிய பங்கர் துறைமுகம் அது. 2024-இல் ஏறக்குறைய 5.5 கோடி டன் விற்றது. இதே முறையை எல்லாத் துறைமுகங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளம் இன்ஜினியர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் ஏறும் நேரம் முழுக்கச் சொட்டுச் சொட்டாக எடுக்கும் சாம்பிள்தான் உங்கள் சாட்சி. அதை உங்கள் கப்பலின் மேனிஃபோல்டில் (ஹோஸ் மாட்டும் குழாய்வாயில்) எடுங்கள், முத்திரை எண்ணை டெலிவரி நோட்டில் எழுதுங்கள். மார்போல் (கப்பல் மாசுத் தடுப்புக்கான உலக ஒப்பந்தம்) கேட்கும் சாம்பிளை ஓராண்டும் நோட்டை மூன்றாண்டும் பத்திரப்படுத்த வேண்டும். அளவு குறைந்தால் அங்கேயே புரொட்டெஸ்ட் கடிதம் கொடுத்துவிடுங்கள். பார்ஜ் போன பிறகு சொல்வது எடுபடாது.

சோதனை செய்த எண்ணெயும் கெடுதல் செய்யுமா?

செய்யும். 2022 தொடக்கத்தில் சிங்கப்பூரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் இருந்த எண்ணெய் ஏறக்குறைய 200 கப்பல்களுக்குப் போனது. அவற்றில் 80 அளவில் ஃபியூயல் பம்ப், எஞ்சின் கோளாறுகளைத் தெரிவித்தன. அன்றைய வழக்கமான பரிசோதனை அந்தச் சேர்மங்களைத் தேடவில்லை.

இந்த எண்ணெய் கையில் பட்டால் உடம்புக்குக் கெடுதலா? (கடலுக்குப் போன ஒருவரின் வீட்டிலிருந்து)

கெடுதல்தான். எச்ச எண்ணெயில் புற்றுநோய் வரவழைக்கக்கூடிய சேர்மங்கள் உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. எண்ணெய் படிந்த வேலை உடுப்பைத் துவைக்காமல் மறுநாள் போடக் கூடாது. டேங்கின் மேல்வெளியில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு சேரலாம். முதலில் அழுகிய முட்டை வாடை வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துவிடும். வாடை போய்விட்டது, இனி பயமில்லை என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்ததும் தோலில் ஆறாத தடிப்பு ஏதும் இருந்தால் மருத்துவரிடம் காட்டி, செய்யும் வேலையையும் சொல்லச் சொல்லுங்கள்.

எண்ணூரில் கொட்டியது இதே எண்ணெயா?

2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதியதில் சிந்தியது இதுதான். மேப்பிள் எரிவாயுக் கப்பல், மற்றது எண்ணெய்க் கப்பல். கரைக்கு வந்ததோ கப்பல் தன் ஓட்டத்துக்கு வைத்திருந்த கன எண்ணெய். முதலில் கசிவே இல்லை என்றார்கள். எர்ணாவூர்ப் பக்கம் பாறைகளுக்கிடையே அது கட்டி கட்டியாகத் திரண்ட பிறகு மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். பம்ப் இழுக்காத கெட்டி என்பதால்தான் வாளி. எஞ்சின் அறையில் 98 டிகிரிக்குச் சூடாக்கிக் கையாளும் பொருள், கடல்நீரில் ஆறினால் அப்படித்தான் ஆகும். டீசல் சிந்தினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். இது போகாது.

2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது வேறு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அது, கப்பலிலிருந்து வந்ததல்ல.

சரக்கே இல்லாத கப்பலும் இந்த அழிவைச் செய்யும் என்பதற்கு மொரிஷியஸ் சான்று. 2020 ஜூலை 25-இல் 'வகாஷியோ' என்ற பல்க் கேரியர் பவளப்பாறையில் ஏறி, பிறகு உடைந்து, சுமார் ஆயிரம் டன் குறை கந்தக எண்ணெயைக் கொட்டியது. ஊர்மக்கள் கரும்புத் தோகையையும் தலைமுடியையும் துணிக்குள் அடைத்து மிதவைத் தடுப்பு செய்தார்கள்.

எல்என்ஜி நல்ல மாற்றா?

பாதி நல்லது. மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வைத்திருக்கும் இயற்கை எரிவாயு. கந்தகமில்லை, கரித்துகள் மிகக் குறைவு, புகைபோக்கியில் கரியமில வாயு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். 2020-இல் வந்த 'சிஎம்ஏ சிஜிஎம் ஜாக் சாதே' 23,000 கன்டெய்னர் ஏற்றும் எல்என்ஜி கப்பல். ஆனால் எரியாமல் தப்பும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 30 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உயர் அழுத்தத்தில் வாயுவைச் செலுத்தும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்தக் கசிவு குறைவு. சிறிய ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் அதிகம்.

மெத்தனால்?

சாதாரண வெப்பத்திலேயே திரவம், தண்ணீரில் கரையும். கடலில் சிந்தினால் எர்ணாவூர்ப் பாறைகளுக்கு நேர்ந்தது நேராது. எனக்கு இதன் மேல் நம்பிக்கை இருப்பதற்கு அதுவே முதல் காரணம். 2015-இல் 'ஸ்டெனா ஜெர்மானிகா' ஃபெரியை இதற்கு மாற்றினார்கள். 2023-இல் 'லாரா மேர்ஸ்க்' வந்தது. கெடுதல்களும் உண்டு: அதே தூரம் போக ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடம் பிடிக்கும், தீப்பற்றும் வெப்பநிலை 12 டிகிரி அளவுதான், வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்குத் தெரியாது. இயற்கை எரிவாயுவிலிருந்து செய்த மெத்தனாலால் பூமிக்குப் பயனில்லை. தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் பசுமை மெத்தனால் நிரப்பும் வசதிக்கு 2025-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

அம்மோனியாவில் கார்பனே இல்லையே, அதுதானே சிறந்தது?

காகிதத்தில் சிறந்தது. மைனஸ் 33 டிகிரியில் திரவமாகும், உரத்துக்காகப் பல காலமாகக் கப்பலில் ஏற்றிச் செல்லும் பொருள். 2024-இல் சிங்கப்பூரில் 'ஃபோர்டெஸ்க்யூ கிரீன் பயனியர்' அதை எரித்துக் காட்டியது.

ஆனால் வேலையிடத்தில் நாள் முழுக்கச் சுவாசிக்கலாம் என்று வைத்திருக்கும் வரம்பு காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு. 300 பங்கு போனாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுபோகும் கடலடிக் குழாய் கசிந்தது. மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக வீட்டை விட்டு ஓடினார்கள், பலரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அது எரிபொருளாக வந்த அம்மோனியா அல்ல, ஆனால் அதே பொருள். எஞ்சின் அறைக்கு வெளியே ஓட இடமில்லை. இரட்டைக் குழாய், தனிக் காற்றோட்டம், தானே மூடும் வால்வு, போதிய மூச்சுக்கருவி எல்லாம் நிரூபணமாகும் வரை குடியிருப்பை ஒட்டிய துறைமுகங்களில் இதை நிரப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஹைட்ரஜன், பேட்டரி, காற்று?

ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரி வேண்டும். தொலைதூரக் கப்பலுக்கு இப்போதைக்கு ஒத்துவராது. பேட்டரி குறுந்தூர ஃபெரிக்கு அருமை, நார்வேயில் 2015-லிருந்து ஓடுகிறது. காற்றைப் பெரிய கப்பல்கள் மறந்துவிட்டதுதான் வருத்தம். 2023-இல் 'பிக்சிஸ் ஓஷன்' என்ற பல்க் கேரியர் விறைப்பான பெரிய பாய்களோடு கிளம்பியது. எஞ்சினுக்குத் துணையாகத்தான், ஆனால் மிச்சமாகும் எண்ணெய் உண்மையானது.

இதையெல்லாம் கட்டாயமாக்கும் சட்டம் வந்துவிட்டதா?

2050-ஐ ஒட்டிக் கப்பல்களின் பசுமை இல்ல வாயு வெளியீடு நிகரச் சுழியம் (நெட் ஜீரோ) ஆக வேண்டும் என்று ஐஎம்ஓ 2023-இல் இலக்கு வைத்தது. அதற்கான கட்டண ஏற்பாடு 2025 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அக்டோபரில் நிறைவேற வேண்டியதை ஓராண்டு தள்ளிப்போட்டுவிட்டார்கள். ஐரோப்பா காத்திருக்கவில்லை. 2024-இலிருந்து கப்பல்களின் கரியமில வாயுவுக்கு அங்கே காசு கட்ட வேண்டும்.

நான் படித்து முடிப்பதற்குள் ஹெவி ஆயில் போய்விடுமா?

போகாது. இன்று கட்டும் கப்பல் இருபத்தைந்து ஆண்டு ஓடும். ப்யூரிஃபயரை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே எரிவாயு, மெத்தனால் கப்பல்களுக்கான ஐஜிஎஃப் அடிப்படைப் பயிற்சியையும் முடித்துவிடுங்கள்.

கரையில் கறுப்பு எண்ணெய் ஒதுங்கினால் நாங்கள் என்ன செய்வது?

வெறுங்கையால் தொடாதீர்கள், மணலில் புதைக்காதீர்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். வலை, படகு, மீன், பாறை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுங்கள். முந்தைய வாரங்களின் ஏல ரசீதுகளை எடுத்து வையுங்கள். கப்பல் எரிபொருள் சிந்தினால் இழப்பீட்டுக்கு உரிமையாளரே பொறுப்பு என்று 2008-இல் நடைமுறைக்கு வந்த பங்கர் ஒப்பந்தம் சொல்கிறது. அதன்படி ஆயிரம் கிராஸ் டன்னேஜுக்கு (கப்பலின் உள்ளளவைக் காட்டும் எண்) மேற்பட்ட கப்பல்களுக்குக் காப்பீடும் கட்டாயம். தொழில் போன நாட்களின் நட்டத்தைக் கேட்கும்போது, எவ்வளவு பிடித்தீர்கள், எவ்வளவுக்கு விற்றீர்கள் என்பதற்குத் தாள் கேட்பார்கள்.